பள்ளிச் சுகாதாரமும் பெண்கல்வியும்

பள்ளிச் சுகாதாரம் என்னும் தொடர் பள்ளி வளாகத்திலுள்ள கழிப்பறை, தண்ணீர், கைகழுவும் இடம், கழிவகற்றும் ஏற்பாடு, இவற்றின் அன்றாடப் பராமரிப்பு, தூய்மைப் பழக்கங்களைக் கற்பித்தல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிக்கும். வளரும் நாடுகள் பலவற்றில் பெண்குழந்தைகள் பூப்பெய்தும் வயதையொட்டிப் பள்ளியை விட்டு நின்றுவிடுவதற்கு வறுமை, இளவயதுத் திருமணம், வீட்டுவேலை, பள்ளியின் தொலைவு ஆகியவற்றோடு கழிப்பறை இன்மையும் காரணமாகச் சுட்டப்படுகிறது. இத்தொடர்பு மெய்யானதே எனினும், கழிப்பறை யாருக்கென ஒதுக்கப்பட்டுள்ளது, அதில் தண்ணீர் வருகிறதா, அதைக் கழுவுவோர் யார் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் கூடுவதையும் குறைவதையும் ஆய்வுகளும் இந்திய அனுபவமும் காட்டுகின்றன.

அளவுகோல்கள்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டாக நடத்தும் கண்காணிப்புத் திட்டம், பள்ளியில் "அடிப்படைச் சுகாதார வசதி" உள்ளது என ஏற்பதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. கழிவு மனிதர்மேல் படாதபடி பிரித்தகற்றும் வகையில் கழிப்பறை அமைந்திருக்க வேண்டும். ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் நாளில் பூட்டப்படாமலும் பழுதின்றியும் உள்ளே தாழிடத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இத்திட்டம் பள்ளிகளைப் பற்றி 2018இல் வெளியிட்ட முதல் அறிக்கையின்படி, 2016இல் உலகப் பள்ளிகளில் 66 விழுக்காட்டில் மட்டுமே இவ்வசதி இருந்தது; சோப்பும் தண்ணீரும் கொண்ட கைகழுவும் இடம் 53 விழுக்காட்டுப் பள்ளிகளிலேயே காணப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் கல்வி பற்றிய நான்காம் இலக்கும் தண்ணீர், சுகாதாரம் பற்றிய ஆறாம் இலக்கும் பெண்களின் தேவையைத் தனியே குறிப்பிடுகின்றன.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, செலவு குறைந்த சூழல்களுக்கென உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறை, 25 மாணவியருக்கு ஒரு கழிப்பறையும், 50 மாணவருக்கு ஒரு கழிப்பறையோடு ஒரு சிறுநீர் கழிப்பிடமும், ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசின் "தூய்மைப் பள்ளி" இயக்கக் கையேடு 40 பிள்ளைகளுக்கு ஒரு மலக்கழிப்பறையும் மூன்று சிறுநீர் கழிப்பிடங்களும் கொண்ட ஓர் அலகைப் பரிந்துரைக்கிறது. சிறுநீர் கழிப்பிடங்களைப் பெண்கள் பகுதியிலும் சேர்ப்பதற்குப் பள்ளி மணியே காரணமாகும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் எனக் கொண்டாலும் 25 பேர் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தி முடிக்க 50 நிமிடம் ஆகுமாதலால், பத்து நிமிட இடைவேளையில் பெரும்பாலோர் அடக்கிக்கொண்டே வகுப்புக்குத் திரும்ப நேரிடும். தண்ணீர்த் தேவையும் இவ்வாறே கணக்கிடத்தக்கது. ஒருவருக்கு நாளொன்றுக்கு அடிப்படைத் தேவைக்கு 5 லிட்டர், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு 3 லிட்டர் வரை, மலம் கழித்தபின் கழுவிக்கொள்ள 2 லிட்டர் வரை என்று அந்நெறிமுறை கூறுவதால், 300 பேர் படிக்கும் பள்ளிக்கு நாள்தோறும் 3,000 லிட்டர் வரை தேவைப்படும்.

மாணவியரைப் பாதிக்கும் விதம்

கழிப்பறை இல்லாத பள்ளியில் மாணவர் மறைவிடம் தேடி வெளியே செல்ல, மாணவியர் அச்சத்தாலும் கூச்சத்தாலும் செல்லாதிருக்கின்றனர். இதற்காகக் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் உடல்நீர் இழப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்று ஆகியவற்றுக்கு இடமளிக்கின்றன. பூப்பெய்திய பின்னர் நாப்கினையோ துணியையோ மாற்றுவதற்குத் தாழ்ப்பாளுள்ள அறை, உள்ளேயே தண்ணீர், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தொட்டி ஆகியன தேவைப்படுகின்றன. இவை இல்லாதபோது சிலர் அந்நாள்களில் வீட்டில் தங்கிவிடுகின்றனர், சிலர் பள்ளிக்கு வந்தும் கறைபடும் அச்சத்தால் பாடத்தில் மனம் செலுத்த இயலாதிருக்கின்றனர். மாதவிடாயைத் தீட்டெனக் கருதி அதைப் பற்றிப் பேசாத வழக்கம் இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது.

ஆய்வுச் சான்றுகள்

இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வு, பொருளியலாளர் அஞ்சலி அடுக்கியா இந்தியப் பள்ளிகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்டதாகும். 2000களின் தொடக்கத்தில் நடுவண் அரசுத் திட்டத்தின்கீழ்க் கழிப்பறை கட்டப்பட்ட பள்ளிகளையும் கட்டப்படாத பள்ளிகளையும் ஒப்பிட்ட அவ்வாய்வில், கழிப்பறை பெற்ற பள்ளிகளில் மாணவர் சேர்க்கை உயர்ந்திருந்தது. சிறு குழந்தைகளுக்கு எவ்வகைக் கழிப்பறையும் பயன்பட்டது. ஆனால் பூப்பெய்தும் வயது மாணவியரின் சேர்க்கை, பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை கட்டப்பட்ட இடங்களிலேயே குறிப்பிடத்தக்க அளவில் கூடியது, பொதுக் கழிப்பறையால் அவர்களுக்குச் சிறிதளவே பயன் விளைந்தது. சிறாருக்கு நோய்த்தடுப்பும் வளரிளம் பெண்களுக்குத் தனிமையும் பாதுகாப்பும் முதன்மையாக இருப்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்ததாக அவ்வாய்வு காட்டவில்லை.

கென்யாவின் நியான்சா பகுதிப் பள்ளிகளில் நடந்த சோதனை ஆய்வில், தண்ணீர்ச் சுத்திகரிப்பும் கைகழுவும் பயிற்சியும் கழிப்பறையும் அளிக்கப்பட்டபோது, தேர்தலுக்குப் பிந்தைய 2008 வன்முறையால் பாதிக்கப்படாத வட்டாரங்களில் மாணவியர் வராமை குறைந்தது. மாணவரிடையே அத்தகைய மாற்றம் தென்படவில்லை. அதே பள்ளிகளில் கைகளைப் பரிசோதித்த மற்றோர் ஆய்வோ, புதுக் கழிப்பறை கிடைத்த பள்ளிகளின் மாணவியர் கைகளில் மலக்கிருமி கூடுதலாக இருந்ததைக் கண்டறிந்தது. சோப்பும் துடைக்கும் தாளும் இன்றிக் கழிப்பறை மட்டும் கிடைக்கும்போது அதுவே தொற்றுக்கு வழியாகக்கூடும் என்னும் எச்சரிக்கை இதிலிருந்து எழுந்தது.

மாதவிடாயால் பெருமளவில் பள்ளி நாள்கள் இழக்கப்படுகின்றன என்னும் பொதுக்கருத்தை எல்லா ஆய்வுகளும் உறுதிப்படுத்தவில்லை. நேபாளத்தின் சித்வன் பகுதியில் எமிலி ஆஸ்டரும் ரெபெக்கா தார்ண்டனும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 180 நாள் கொண்ட கல்வியாண்டில் மாதவிடாயால் ஒரு மாணவி இழந்தது சராசரியாக அரை நாளுக்கும் குறைவு என்பதும், மாதவிடாய்க் குப்பி வழங்கியதால் வருகை கூடவில்லை என்பதும் தெரியவந்தன. ஆகவே வருகைப் பதிவேட்டை மட்டும் கொண்டு இவ்வசதிகளை மதிப்பிடுவது போதாது என்றும், உடல்நலம், மதிப்பு, வகுப்பில் கவனம் ஆகியவற்றையும் கருத வேண்டும் என்றும் ஆய்வாளர் பலர் வாதிடுகின்றனர்.

இந்தியாவில் சட்டமும் திட்டமும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையைப் பள்ளிகள் நிறைவேற்ற வேண்டிய விதிமுறைகளுள் ஒன்றாக்கியது. கழிப்பறை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, அனுப்பத் தயங்குவதை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், இவ்வசதிகளை ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் அமைக்குமாறு 2012 அக்டோபரில் ஆணையிட்டது. 2014 விடுதலை நாள் உரையில் பிரதமர் அறிவித்த "தூய்மைப் பள்ளி" இயக்கத்தின்கீழ் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 2.61 லட்சம் அரசுப் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. அவற்றுள் ஒரு பகுதியைப் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டித் தந்தன.

அந்நிறுவனங்கள் கட்டியவற்றுள் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளைத் தெரிவுசெய்து நேரில் ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆராயப்பட்ட இருபாலர் பள்ளிகள் 1,967இல் 99 பள்ளிகளில் இயங்கும் கழிப்பறை ஒன்றுகூட இல்லை. 436 பள்ளிகளில் ஒன்று மட்டுமே இருந்தது. கட்டப்பட்டவற்றுள் 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை. 75 விழுக்காடு நாளுக்கு ஒருமுறைகூடக் கழுவப்படவில்லை. கட்டும் செலவு ஒருமுறை ஒதுக்கப்பட்டால் முடிந்துவிட, தண்ணீர், சோப்பு, பினாயில், பணியாளர் ஊதியம் ஆகிய தொடர்செலவுக்கு ஆண்டுதோறும் பொறுப்பேற்பவர் இல்லாமையே இந்நிலையின் வேராகும்.

தமிழ்நாட்டில் 2011-12ஆம் ஆண்டில் தொடங்கிய "புதுயுகம்" திட்டம், ஊரகப் பகுதியில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்குப் பள்ளிகள், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிகள் ஆகியவற்றின் வழியாக விலையில்லா நாப்கின்களை வழங்கியது. நாப்கினின் விலை பலருக்கு எட்டாதிருந்த நிலையில், கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய சிறு இயந்திரம் மகளிர் குழுக்களே அதைச் செய்து விற்க வழிசெய்தது. அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2018 ஜூலையில் நாப்கின்மீதான சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது.

பராமரிப்பும் எஞ்சிய சிக்கல்களும்

பயன்படுத்திய நாப்கினை அகற்றுவது பள்ளிகளுக்குப் புதிய சுமையாக வந்துள்ளது. கழிப்பறைக்குள் போடப்பட்டால் குழாய் அடைத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் கலந்திருப்பதால் மண்ணில் மட்குவதில்லை. செங்கல்லால் கட்டிய எளிய அடுப்புகளில் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டையாக்சின் முதலிய நச்சுகள் வெளிப்படக்கூடும். நிதி பற்றாத இடங்களில் கழிப்பறையைக் கழுவும் வேலையை மாணவர் தலையில், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தலையில், சுமத்தும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இதனால் சுகாதாரத் திட்டமே ஒரு சாரார் பள்ளியை வெறுக்கக் காரணமாகிவிடுகிறது. கழிப்பறைச் சாவி தலைமையாசிரியர் அறையில் இருப்பதும், ஆசிரியைகளுக்கென ஒன்று பூட்டிவைக்கப்பட்டு மாணவியர் பலருக்கு ஒன்றே எஞ்சுவதும் கணக்கெடுப்பில் தென்படாத குறைகளாகும்.

இக்காரணங்களால், கட்டடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளக்கும் முறைக்கு மாறாக, பள்ளிக்கென நிரந்தரத் தூய்மைப் பணியாளர், தனி வரவுசெலவுத் தலைப்பில் ஆண்டு ஒதுக்கீடு, அறிவிப்பின்றி நடக்கும் ஆய்வு, கழிப்பறையின் இடத்தையும் அமைப்பையும் முடிவுசெய்வதில் மாணவியரின் கருத்து ஆகிய நான்கையும் இணைத்துப் பார்க்கும் அணுகுமுறை அண்மைக்காலத்தில் வலியுறுத்தப்படுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கான தொலைவு, திருமண வயது, குடும்ப வருவாய் ஆகியவற்றைக் கழிப்பறை மாற்றிவிடாது. எனினும் அத்தடைகளைக் கடந்து வகுப்பறைவரை வந்துவிட்ட மாணவி மாலை மணி அடிக்கும்வரை அங்கே இருக்க இயலுமா என்பது பெருமளவில் இவ்வசதியைப் பொறுத்ததாகவே உள்ளது.