ஒரு மூலம், பல வடிவங்கள்

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் அதே கரியிலிருந்து மின்சாரம், யூரியா உரம், ‘லெக்கோ’ என்னும் அடுப்புக்கரி ஆகிய மூன்றும் இவ்வூரில் கிடைத்தன. உரமும் லெக்கோவும் இப்போது இங்கே தயாராவதில்லை. ஆயினும், மூலப்பொருள் ஒன்று, விளைபொருள் பல என்னும் அத்தத்துவம் நூல் வெளியீட்டிலும் உண்டு.

பழைய அச்சகங்களில் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ‘இது தடித்த எழுத்து’, ‘இது சாய்வெழுத்து’ என்று குறித்து அனுப்புவார்கள். அச்சுக்கோப்பவர் அதன்படி கோப்பார். இக்குறிப்புக்கே ‘மார்க்கப்’ என்று பெயர். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவரும் இதற்கு வேறு வழி வகுத்தனர். ஒரு வரி எப்படித் தோன்ற வேண்டும் என்று குறிப்பதைவிட, அது தலைப்பா, பத்தியா, அடிக்குறிப்பா என்று குறிப்பதே மேல் என்பது அவ்வழி. தோற்றத்தைக் கணிப்பொறி பிறகு தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும். இம்முறை 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் உலகத் தரமாயிற்று. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்.டி.எம்.எல். இதன் வழிவந்ததே.

தமிழுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி இலக்கியங்களைத் தட்டச்சு செய்தனர். ஆனால் அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியெண் வேறு. ஓர் எழுத்துருவில் ‘க’வாகத் தெரிந்த எண் மற்றொன்றில் வேறெழுத்தாகத் தெரியும். ஆகவே நூல்கள் முதலில் டிஸ்கி என்னும் பொதுக் குறியீட்டுக்கும், பின்னர் யூனிகோடுக்கும் மாறின. டிஸ்கியில் ‘கெ’ என்பதில் கொம்பு முதலில் வரும். யூனிகோடில் ‘க’ முதலில் வரும். இத்தகைய வேறுபாடுகளை நிரல் ஒன்றே சரிசெய்துவிடும். நூலை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. மூலம் எழுத்தாகவே இருந்ததால் வந்த நன்மை இது. வெறும் படமாக இருந்திருந்தால் இது இயலுமா?

மதுரைத் திட்டம் எச்.டி.எம்.எல்., பி.டி.எஃப். ஆகிய இரு வடிவங்களில் நூல்களைத் தந்தது. பி.டி.எஃப். சுட்ட செங்கல் போன்றது. பக்கத்தின் அளவு மாறாது. எச்.டி.எம்.எல். பிசைந்த களிமண், திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும். 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பி.டி.எஃப்., ஆறு அங்குல பி.டி.எஃப். என நான்கு வடிவங்களில் வெளியிட்டது.

நீங்கள் ஒரு நூல் வெளியிடுவதானால் எதைத் தேர்வீர்கள்? சமன்பாடுகள் மிகுந்த பாடநூலுக்கு, டொனால்ட் க்னூத் ஆக்கிய டெக் முறையின் வழிவந்த லேடெக் ஏற்றது. கைப்பேசியிலும் படிக்க வேண்டிய கதைக்கு எச்.டி.எம்.எல். போதும். எளிய கட்டுரைக்கு 2004-இல் வந்த மார்க்டவுன் உகந்தது. 2006-இல் வந்த பாண்டாக் என்னும் நிரல் அதைப் பல வடிவங்களுக்கு மாற்றித் தரும்.

எதைத் தேர்ந்தாலும் மூலக் கோப்பை யூனிகோடில் பத்திரப்படுத்துங்கள். அச்சான பி.டி.எஃப். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். களிமண்ணிலிருந்து எத்தனை செங்கல்லும் அறுக்கலாம். சுட்ட செங்கல்லை மீண்டும் களிமண்ணாக்க முடியாது.