லிபரோ: விதி தந்த இடமா, பின்வரிசை ஈட்டிய இடமா?

பெண்கள் வாலிபாலில் தற்காப்பு ஆட்டக்காரரின் வரலாற்றை 1998-இல் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பன்னாட்டு வாலிபால் கூட்டமைப்பு அவ்வாண்டு லிபரோ விதியை, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரருக்கான விதியை, கொண்டுவந்தது. ஸ்மாஷின் கை ஓங்கிய ஆட்டத்தில் தற்காப்புக்கு வலுச்சேர்ப்பதே நோக்கம் என்றது. அதை அடியொற்றுவோர், உயரம் குறைந்த பெண்களுக்கு விதிநூல் வாழ்வளித்தது என்று முடிக்கின்றனர். இம்முடிவு காலவரிசையிலும் காரணத்திலும் பிழையுடையது.

முதலில் காலவரிசை. ஜப்பானில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது ஒன்பதின்மர் ஆட்டம். அதில் சுழற்சி கிடையாது. பின்வரிசைக்காரருக்குப் பந்தை எடுப்பதே முழுநேர வேலை. கைசுகா நிச்சிபோ நூற்பாலை அணி அந்த ஆட்டத்தில் வளர்ந்தது. அறுவர் ஆட்டத்துக்கு மாறியபோது சுழற்சி எல்லோரையும் பின்வரிசைக்குக் கொண்டுவந்தது. விழுந்து பந்தெடுத்து உருண்டெழும் முறையைப் பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு அணி முழுவதற்கும் பழக்கினார். 1962 மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பிலும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் பயிற்றுவித்த ஜப்பானிடம் சோவியத் அணி தோற்றது.

ஒன்பதின்மர் பின்வரிசையிலிருந்து லிபரோவுக்கு நேர்க்கோடு இழுக்க ஆவணச் சான்று போதாது. ஆயினும், பின்வரிசைக்காரருக்கே உரியதாக இருந்த பணி அறுவருக்கும் பொதுவாகி, 1998-இல் மீண்டும் ஒருவரின் தனிப்பணியானது என்பதை ஆட்ட அமைப்பே காட்டுகிறது. விதி அந்தப் பணியைப் படைக்கவில்லை. அதற்குப் பெயரும் தனிநிறச் சட்டையும் தந்தது.

கூடவே வேலியும் போட்டது. லிபரோ சர்வீஸ் போடக்கூடாது, பிளாக் செய்யக்கூடாது. பலரும் கவனியாமல் கடக்கும் தொடர் ஒன்று பழைய விதிநூலில் உண்டு: லிபரோ அணித்தலைவராகவும் களத்தலைவராகவும் இருக்கலாகாது. அடிக்கடி களத்தைவிட்டு வெளியேறுபவர் எப்படித் தலைமை தாங்குவார் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அது நிற்காது. எந்த அணித்தலைவர் வெளியே போனாலும் களத்தில் இன்னொருவர் பொறுப்பேற்க அதே விதிநூல் வழிசெய்திருந்தது. ஆகவே இத்தடை நடைமுறைத் தேவையால் எழுந்ததன்று. லிபரோவை முழு ஆட்டக்காரராக மதிக்காத பார்வையின் எச்சம் என்றே கொள்கிறேன். 2021–2024 விதிநூல் இத்தடையை நீக்கியது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்திலோ லிபரோ ஒரு சுழற்சியிடத்தில் சர்வீஸும் போடுகிறார். வேலிகள் ஆட்டத்தின் இயல்பிலிருந்து வந்தவை அல்ல என்பதற்கு இந்த வேறுபாடு சான்று.

அடுத்துக் காரணம். 159 செ.மீ. உயரமுள்ள யூகோ சானோ 2012 லண்டனில் ஜப்பானுக்காக வெண்கலம் வென்றதை விதியின் கொடை எனலாம். ஆனால் 174 செ.மீ. உயரமுள்ள இத்தாலியின் மோனிகா டி ஜென்னாரோ? 2014, 2018, 2022 உலகச் சாம்பியன்ஷிப்களில் சிறந்த லிபரோவாகத் தேர்வாகி, 2024 பாரிஸில் 37 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இத்தனை நீண்ட முதன்மையை விதி எவருக்கும் தராது. ஸ்மாஷ் அடிப்பவரின் தோளசைவைப் பந்து புறப்படுமுன்னே படிக்கும் கண் ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வருவது.

தமிழ்நாட்டின் வேங்கிக்கால் போன்ற ஊர்களின் பள்ளி அணிகளுக்கும் இவ்வரலாறு பயன்படும். உயரம் போதாத மாணவிக்கு ஒதுக்கும் ஆறுதல் இடமாக லிபரோவைக் கருதினால் பயிற்சியும் அந்த அளவிலேயே நின்றுவிடும். அணியில் முதலில் தேர்வு செய்ய வேண்டிய இடங்களுள் அது ஒன்று.