எவ்வளவு நேரமாகக் கிடந்தது?

அத்தை விழுந்ததும் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "பாத்து நடக்கக் கூடாதா?"

திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். இரண்டாம் பந்தி முடிந்து கை கழுவப் போனவர், கை கழுவும் தொட்டிக்கு இரண்டடி முன்னால் மல்லாந்து கிடந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட கருங்கல் தரை. அதன்மேல் தண்ணீர் நின்றால் கண்ணுக்கே தெரியாது. விளக்கு வெளிச்சம்தான் தெரியும். இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கும் பதினோரு நாள் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து 2,80,000 ரூபாய். அத்தைக்கு வயது 67. அன்றுவரை தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறியவர், இன்று நாலு கால் ஊன்றுகோல் இல்லாமல் அடுப்படிக்குப் போக முடியவில்லை.

நான் மதுரையில் முப்பது வருஷமாக வக்கீல். பெரும்பாலும் எம்.சி.ஓ.பி. வழக்குகள், அதாவது வாகன விபத்து இழப்பீடு. அத்தையின் அதே எலும்பை ஒரு மினி பஸ் முறித்திருந்தால் என்ன செய்வதென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, ஊனச் சதவீதம், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், தீர்ப்பாயத்தில் மனு. தரை முறித்த எலும்புக்கு அப்படி ஒரு வழி என் கைக்கு உடனே வரவில்லை. ஏன் வரவில்லை என்று பழைய தீர்ப்புகளைப் புரட்டத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மொழியைக் கவனியுங்கள். கால் தவறி விழுந்தார். கால் இடறி விழுந்தார். வழுக்கி விழுந்தார். மூன்றிலும் தப்பு செய்தது கால். தரை அந்த வாக்கியத்துக்குள்ளேயே வரவில்லை. தரைக்குச் சொந்தக்காரர் அதற்கும் அப்பால் நிற்கிறார்.

இங்கிலாந்துச் சட்டமும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது. 1856-இல் ஒரு வழக்கு. ஓட்டல் வைத்திருந்த ஒருவரைப் பார்க்க விருந்தாளியாக வந்தவர், கிளம்பும்போது கண்ணாடிக் கதவைத் தள்ளினார். சரியாகப் பொருத்தாத கண்ணாடி கழன்று அவர்மேல் விழுந்தது. நஷ்ட ஈடு கேட்டார், கிடைக்கவில்லை. தலைமை நீதிபதி பிரெடரிக் பொல்லாக் சொன்ன காரணம் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதுபோலவே இருக்கிறது: விருந்தாளி என்பவர் வீட்டு மனிதர், வீட்டில் இருப்பவர்கள் சகித்துக்கொள்வதை அவரும் சகித்துக்கொள்ள வேண்டும். கூட வேலை செய்பவரின் தவறுக்காக வேலைக்காரர் எஜமான்மேல் வழக்குப் போட முடியாத காலம் அது. அந்த வரிசையில் விருந்தாளியையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லக் கூடாது என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறாரே, அதன் சட்ட வடிவம் இதுதான்.

இதே பொல்லாக் ஏழு வருஷம் கழித்து, 1863-இல், வேறு விதமாகப் பேசினார். லிவர்பூலில் ஸ்காட்லாந்து ரோட்டில் ஒரு மாவுக் கடை. வழியில் போன ஒருவர்மேல் மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் விழுந்தது. எப்படி விழுந்தது, யார் கைதவறவிட்டார் என்று அடிபட்டவரால் நிரூபிக்க முடியவில்லை. கிடங்கிலிருந்து பீப்பாய் தானாக உருண்டு வராது. வந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, இல்லையென்றால் கடைக்காரர்தான் விளக்க வேண்டும் என்றார் பொல்லாக். தெருவில் போனவருக்கு இந்தச் சலுகை கிடைத்தது. வீட்டுக்குள் வந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதற்கு ஒரு சர்க்கரை ஆலை தேவைப்பட்டது. லண்டனில் ஒரு சர்க்கரை சுத்திகரிப்பு ஆலைக்குள் எரிவாயுவைச் சீராக்கும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சனிக்கிழமை வேலை முடிந்தது. செவ்வாய்க்கிழமை அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு தொழிலாளி வந்தார். மேல்தளத்தில், சர்க்கரையை ஏற்றி இறக்குவதற்காகத் தரையில் ஒரு வாய் திறந்திருந்தது. நாலேகால் அடிச் சதுரம், 29 அடி ஆழம், சுற்றிலும் வேலி கிடையாது. அதற்குள் விழுந்தார். ஆலைக்காரர்கள் சொன்னது என்ன? இந்தத் தொழிலில் இப்படி ஓட்டை இருப்பது வழக்கம், எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரியும். நீதிபதி வில்ஸ் 1866-இல் அதை ஏற்கவில்லை. உன் தொழிலுக்காக உன் இடத்துக்கு வந்தவர் அவர். உனக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய, வழக்கத்துக்கு மாறான ஆபத்திலிருந்து அவரைக் காக்க நீ நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்றார். ஏற்றி இறக்காத நேரத்தில் அந்த ஓட்டையைச் சுற்றி வேலி வைப்பதால் தொழிலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதையும் கவனித்தார். இண்டர்மார் எதிர் டேம்ஸ் என்ற இந்தத் தீர்ப்பைக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அத்தையின் எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் 29 அடி என்பது உறைத்தது. "பார்த்து நடக்கக் கூடாதா" என்ற கேள்வியை ஒரு நீதிபதி திருப்பிப் போட்டு, "அவர் நடக்கப்போகிற இடத்தை நீ பார்த்தாயா" என்று ஆலைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

இந்த வில்ஸ் நமக்கு அந்நியரும் அல்ல. 1861-இல் லண்டனில் அமைத்த இந்தியச் சட்ட ஆணையத்தில் அவர் ஒரு உறுப்பினர். அந்த ஆணையத்தின் வரைவிலிருந்துதான் 1872-இன் ஒப்பந்தச் சட்டம் வந்தது. கடன் பத்திரத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தார்கள். கால் உடைந்தவருக்கு எழுதவில்லை. பிறகு 1886-இல் இந்திய அரசு கேட்டு, ஒப்பந்தம் அல்லாத தீங்குகளுக்கெல்லாம் ஒரே சட்டமாக ஒரு மசோதா தயாரானது. தயாரித்தவர் இன்னொரு பிரெடரிக் பொல்லாக். கண்ணாடிக் கதவு வழக்கின் நீதிபதிக்குப் பேரன். அந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அடுத்த வருஷம், அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த பிரிவி கவுன்சில், நீதி, நியாயம், நல்ல மனச்சாட்சி என்று இந்திய நீதிமன்றங்கள் சொல்வதற்குப் பொருள், இந்தியச் சூழலுக்குப் பொருந்துமானால் இங்கிலாந்துச் சட்டம்தான் என்று சொல்லிவிட்டது. அங்கே ஒரு தீர்ப்பு வந்தால் அதன் நிழல் இங்கே விழும். நமக்கென்று எழுதிய வரி ஒன்றும் இல்லை.

வழுக்கி விழுதல் என்ற வழக்கு வகைக்கு உருவம் கொடுத்தது அமெரிக்காவும் வாழைப்பழமும். நமக்கு இலையும் பழமும் பிறந்த நாளிலிருந்து பழக்கம். அவர்களுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெருவுக்கு வந்தது. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் வேடிக்கைப் பொருளாகப் பார்த்த பழம், இருபது வருஷத்தில் ரயில் பயணிகளின் கைத்தீனி ஆகிவிட்டது. தோல் பிளாட்பாரத்தில் கிடந்தது. பாஸ்டனில் ஒரு பயணி தோலை மிதித்து விழுந்தார். 1901-இல் தீர்ப்பு எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பேரன் பொல்லாக்கோடு 1874 முதல் 1932 வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்த நண்பர். சில வரிகளில் முடித்துவிட்டார். அந்தத் தோலை, ரயிலிலிருந்து இறங்கிய யாரோ ஒரு நிமிஷத்துக்கு முன்னால் போட்டிருக்கலாம். அப்படியானால் ரயில்வே என்ன செய்யும்? வழக்கு தள்ளுபடி.

பத்து வருஷம் கழித்து, 1911-இல், இன்னொரு தீர்ப்பு வந்தது; அதே பாஸ்டனில் ஒரு பெண் இன்னொரு தோலில் விழுந்த வழக்கு. இந்த முறை சாட்சிகள் தோலையே பார்த்து வைத்திருந்தார்கள். காய்ந்திருந்தது. கறுத்திருந்தது. பலர் மிதித்துத் தட்டையாகி, மண் ஒட்டியிருந்தது. புதுத்தோல் மஞ்சளாக இருக்கும் என்று எந்த ஜூரிக்கும் தெரியும். ஆகவே அது வெகுநேரம் கிடந்திருக்கிறது, பார்த்து அகற்ற வேண்டிய ஊழியர் அகற்றவில்லை என்று முடிவுசெய்ய இடமிருக்கிறது என்றது நீதிமன்றம். அந்தப் பெண் வென்றார்.

தோலின் நிறம் கடிகாரம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்த வழக்குகளின் உயிர்நாடி ஒரே கேள்வி: எவ்வளவு நேரமாகக் கிடந்தது? இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விழுந்து கிடக்கிறவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது, தோலின் நிறத்தையும் தண்ணீரின் அளவையும் யார் குறித்துவைப்பார்? ஆம்புலன்ஸ் போவதற்குள் மாப் போட்டுத் துடைத்துவிடுவார்கள். கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் இடத்துக்காரர். நிரூபிக்க வேண்டியதோ விழுந்தவர்.

இந்த அநீதி லிவர்பூலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உடைந்தது. 1974 ஜூன் 29, ஸ்மித்டவுன் ரோட்டில் இருந்த டெஸ்கோ கடை. தரையில் இளஞ்சிவப்பாக ஏதோ சிந்தியிருந்தது, பழத்தயிர். ஒரு பெண் வழுக்கி விழுந்தார். எப்போது சிந்தியது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது, ஆரஞ்சுச் சாறு சிந்தி ஏறக்குறைய கால் மணி நேரம் யாரும் துடைக்காமல் கிடந்ததை நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. வாரத்துக்குப் பத்துத் தடவை இப்படிச் சிந்தும் என்று கடையே ஒப்புக்கொண்டது. அப்படியானால் நாங்கள் ஒழுங்காகத்தான் துடைத்தோம் என்று காட்டுவது கடையின் வேலை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976-இல் சொன்னது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் உடன்படவில்லை. தொகை சிறியது, 137 பவுண்டு 50 பென்ஸ். ஆனால் மாவுப் பீப்பாயின் நியாயம் கடைசியில் கடைக்குள் வந்து சேர்ந்தது, அதுவும் அதே ஊரில்.

அதற்குள் அங்கே சட்டமும் வந்திருந்தது. அதுவரை அழைப்பின் பேரில் வந்தவர், அனுமதியோடு வந்தவர், அத்துமீறி வந்தவர் என்று ஆளைத் தரம் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவு கவனம் போதும் என்று வைத்திருந்தார்கள். 1957-இன் சட்டம் முதல் இரண்டு பேரையும் ஒன்றாக்கியது. காசு கொடுத்து வந்தாலும் சும்மா பார்க்க வந்தாலும் ஒரே கவனம். குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனக்குறைவாகத்தான் இருப்பார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்கள். விருந்தாளியைப் பற்றிய பழைய பொல்லாக்கின் வார்த்தைக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து முற்றுப்புள்ளி விழுந்தது. 1957-க்குள் நாம் சுதந்திர நாடு. அந்தச் சட்டம் நமக்கு வரவில்லை. நாமும் ஒன்று எழுதிக்கொள்ளவில்லை.

நம் உச்ச நீதிமன்றம் இந்த வழியில் எடுத்துவைத்த பெரிய அடி 1966-இல். டெல்லி சாந்தினி சௌக்கில் டவுன்ஹாலுக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து உயிர்கள் போயின. கட்டி எண்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காரையின் ஆயுளே 40, 45 வருஷம்தான் என்றும், காரை பிடிப்பில்லாமல் பொடியாகிப் போயிருந்தது என்றும் பொறியாளர் சாட்சி சொன்னார். தெருவோரக் கட்டடத்தின் சொந்தக்காரர் எனக்குத் தெரியாது என்று தப்ப முடியாது என்று சொல்லி, மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது நீதிமன்றம். இங்கேயும் அதே கேள்விதான்: எவ்வளவு நேரம்? வாழைத்தோலுக்கு நிறம், மணிக்கூண்டுக்குக் காரை. ஆனால் அது தெருவில் போனவர்களுக்கான தீர்ப்பு. மண்டபத்துக்குள் சாப்பிட வந்தவருக்கு அதைக் கயிறு கட்டித்தான் இழுத்துவர வேண்டும்.

பஸ்ஸில் அடிபட்டவருக்கு வழி எப்படி வந்தது? 1939-இன் மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது. 1956-இன் திருத்தம் தீர்ப்பாயங்களுக்கு வழி திறந்தது. பணப்பையும் இருந்தது, வாசலும் இருந்தது. மண்டபத்துக்கு இரண்டும் இல்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் அபாயகரமான பொருள்களைக் கையாளும் இடங்களுக்கு மட்டும். சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், தடை இல்லை. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட் கட்டணம்; 2017-இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். அதற்குமுன் ஐந்து லட்சம் கேட்க 37,500 ரூபாய் முன்னால் கட்ட வேண்டும், படுத்த படுக்கையாக இருக்கிறவர். நம் ஜனங்களுக்கு வழக்குப் போடும் குணம் இல்லை என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஒரு சிறு வாசல் கிடைத்தது. 1986-இன் நுகர்வோர் சட்டம், சேவைக்குக் காசு கொடுத்தவரை மட்டுமல்லாமல் அவருடைய சம்மதத்தோடு அதை அனுபவித்தவரையும் நுகர்வோர் என்றது. 2019-இன் புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. மண்டபத்துக்கு வாடகை கொடுத்தது மணப்பெண்ணின் அப்பா. பந்தியில் உட்கார்ந்தது அத்தை. கொடுத்த வாடகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அத்தை முதலில் சம்மதிக்கவே இல்லை. "கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து கேஸ் போட்டாளாம்னு பேசுவாங்கம்மா." அவரை வற்புறுத்தவில்லை. மண்டபத்துக்குப் போய், இலை எடுக்கிற பையனைத் தேடிப்பிடித்து, பாஸ்டனில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"காலைல டிபன் பந்திலேர்ந்தே அந்தக் குழாய் ஒழுகுதுக்கா. மேனேஜர்கிட்ட மூணு தடவ சொன்னேன். ஒரு சாக்காவது போடுங்கன்னேன்."

இதை அத்தையிடம் சொன்னேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னப் பையன் சொல்லிருக்கான், கேக்கலையே" என்றார்.

மறுவாரம் மனு எழுதிக்கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "மனுதாரர் கை கழுவச் சென்றபோது வழுக்கி விழுந்து" என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணி கெடந்துச்சுன்னு மொதல்ல எழுது. காலைலேர்ந்து கெடந்துச்சுன்னு எழுது. நான் விழுந்தத அப்புறம் எழுதலாம்."