இல்லாதவற்றின் பட்டியல்: ரோட்ஸ் தீவில் ஒரு பகல்

உலா என்பது தமிழ்ப் புலவர்க்குப் பழகிய சொல். தலைவன் வீதியில் பவனி வருவான். எழுபருவ மகளிர் மாடங்களில் நின்று காண்பர். இக்காலச் சுற்றுலாவில் நிலை தலைகீழாகிவிட்டது. வீதி நிற்கிறது, காண வந்தோர் விரைகின்றனர். கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் வருவோர் பலர்க்குக் கரையில் கிடைப்பது நான்கைந்து மணி நேரமே. ஒரு கார், ஓர் ஓட்டுநர், ஒரு வழிகாட்டி என்று தனியே அமர்த்திக்கொண்டு, சிறப்பானவை எனப் பெயர் பெற்ற இடங்களை மட்டும் கண்டு, மாலைக்குள் கப்பல் ஏறுகின்றனர்.

இத்தகைய குறும்பயணத்திற்கு ஏற்ற தீவுகளுள் ஒன்று ரோட்ஸ். ஏஜியன் கடலின் தென்கிழக்கே, துருக்கிக் கரைக்கு மிக அருகில் அமைந்தது. ஏறத்தாழ 1,400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கிரேக்கர், உரோமர், பைசாந்தியர், சிலுவைப்போர் வீரர், உதுமானியர், இத்தாலியர் என ஒருவர் பின் ஒருவராக ஆண்டு சென்ற மண். 1947ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கைக்குப் பின்னரே, 1948இல் முறைப்படி கிரேக்க நாட்டுடன் இணைந்தது. இதன் வரலாற்றை ஒரு பகலில் காண இயலுமா என்று கேட்பதைவிட, ஒரு பகலில் நமக்குக் காட்டப்படுவது எது, காட்டப்படாதது எது என்று கேட்பதே பயனுடையது. அவ்வினாவோடு துறைமுகத்திலிருந்து தொடங்குவோம்.

மாண்ட்ராக்கி என்னும் சிறு துறைமுகத்தின் வாயிலில் இருபுறமும் இரு கற்றூண்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் வெண்கலத்தில் வார்த்த ஒரு கலைமானும் ஒரு பிணைமானும் உள்ளன. ஆனால் வந்தவர் கண்கள் தேடுவது அம்மான்களை அன்று. அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தையே. உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாகிய பேருருவச் சிலை அங்கே கால்களை அகட்டி நின்றது என்றும், கப்பல்கள் அதன் கால்களுக்கு இடையே புகுந்து வந்தன என்றும் ஒரு கதை உண்டு. அது பிற்காலத்தார் கற்பனை. அவ்வாறு ஒரு வெண்கலச் சிலையை நிறுத்துதல் இயலாது என்பதே அறிஞர் முடிவு. சிலை நின்ற இடம் எது என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை.

உண்மை வரலாறு அக்கதையினும் சுவையுடையது. லிண்டோஸ், இயாலிசோஸ், காமிரோஸ் என்னும் மூன்று ஊரினர் ஒன்றுகூடிக் கி.மு. 408இல் ரோட்ஸ் நகரை அமைத்தனர். கி.மு. 305இல், அலெக்சாந்தரின் தளபதியாயிருந்த அன்டிகோனசின் மகன் டெமெட்ரியஸ் பெரும்படையுடன் வந்து நகரை முற்றுகையிட்டான். சக்கரங்கள் பூட்டிய பல அடுக்குக் கோபுரம் ஒன்றையும் மதில்முன் கொண்டுவந்து நிறுத்தினான். ஓராண்டு முயன்றும் நகர் வீழவில்லை. அவன் விட்டுச் சென்ற போர்ப்பொறிகளை விற்ற பணம் 300 தாலந்து என்றும், அதனைக் கொண்டே கதிரவக் கடவுளாகிய ஹீலியோசுக்குச் சிலை எடுத்தனர் என்றும் உரோம அறிஞர் பிளினி எழுதுகிறார். லிண்டோஸ் ஊரினனாகிய கேரிஸ் என்னும் சிற்பி, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, எழுபது முழ உயரத்தில் அதனை முடித்தான்.

ஏறத்தாழக் கி.மு. 226இல் நிலம் அதிர்ந்தது. சிலை முழங்காலில் முறிந்து வீழ்ந்தது. மீண்டும் எடுக்க வேண்டா என்று தெய்வவாக்கு தடுத்ததாக ஸ்டிராபோ குறிப்பார். வீழ்ந்து கிடந்த நிலையிலும் அது வியப்பாகவே இருந்தது என்றும், அதன் கட்டைவிரலைத் தழுவக்கூடியவர் சிலரே என்றும் பிளினி கூறுவார். கி.பி. 653இல் தீவைக் கைப்பற்றிய அரபுப் படையினர் எஞ்சிய வெண்கலத்தை விற்றனர் என்றும், அதனைச் சுமக்க 900 ஒட்டகங்கள் வேண்டியிருந்தன என்றும் பைசாந்திய நாளேட்டாசிரியர் தியோபானிஸ் எழுதிவைத்தார். அவர் கூற்றை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. எப்படியாயினும், அச்சிலை நின்ற காலம் அறுபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. இல்லாமற்போன பின்னரே அது இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காணப்பட்டு வருகிறது. கண்டவர் எழுதினர், எழுதியதைப் படித்தவர் மீண்டும் எழுதினர். அதனால் அது நிற்கிறது.

அங்கிருந்து கார் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஓடி லிண்டோசை அடைகிறது. வெண்சுண்ணம் பூசிய வீடுகள் அடிவாரத்தில் நெருங்கிக் கிடக்க, மேலே செங்குத்தான பாறை. ஏறும் வழியில் பாறையைக் குடைந்து செதுக்கிய கப்பலின் பின்புறம் ஒன்று தென்படும். உச்சியில் இடைக்கால வீரர்களின் கோட்டைமதிலும், அதனுள்ளே அத்தீனா தேவியின் கோயில் தூண்களும், கீழே நீலக்கடலும் காணலாம். நிழற்படம் எடுக்க இதனினும் ஏற்ற இடம் தீவில் இல்லை.

ஆயினும் கவிஞர்கள் நினைக்க வேண்டிய செய்திகள் இரண்டு, இங்கே கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளன. முதலாவது, ஒரு பாடலைப் பற்றியது. ரோட்ஸ் தீவின் தியாகோராஸ் கி.மு. 464இல் ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் வென்றான். பெரும்புலவன் பிண்டார் அவனைப் புகழ்ந்தும், கடலடியிலிருந்து தீவு தோன்றிய கதையைப் புனைந்தும் ஒரு பாடல் இயற்றினான். அப்பாடலை இக்கோயிலில் பொன்னெழுத்தில் பொறித்து வைத்தனர் என்று பிண்டார் பாடல்களுக்கமைந்த பழைய உரைக்குறிப்பு தெரிவிக்கிறது. பொன்னெழுத்து என்றோ மறைந்தது. பாடலோ ஏட்டில் எழுதியும் படித்தும் நம் காலம் வரை வந்து சேர்ந்துள்ளது. கோயிலார் பொன்னை நம்பினர்; பாடலைக் காத்தவர் ஏடெழுதுவோர்.

இரண்டாவது, ஒரு கல்வெட்டு. கி.மு. 99இல் லிண்டோஸ் மக்கள் ஒரு தீர்மானம் இயற்றினர். தேவிக்கு முன்னோர் அளித்த காணிக்கைகளுள் மிகப்பல, அவற்றின்மேல் பொறித்த எழுத்துகளோடு காலத்தால் அழிந்தன. ஆதலால் பழைய நூல்களிலும் கோயில் ஆவணங்களிலும் தேடி, அழிந்தவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கல்லில் வெட்டுக என்பது முடிவு. திமாகிதாஸ் முதலாய இருவர் அப்பணியை ஏற்றனர். எவர் எதனை அளித்தார், அதில் என்ன எழுதியிருந்தது, அதனை எந்நூலில் எவர் குறித்துள்ளார் என்று ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டி எழுதினர். இன்றைய ஆராய்ச்சி நூலின் அடிக்குறிப்பைக் காண்பதுபோல் உள்ளது. ஹெலன் அளித்த கைவளைகள் முதல் அலெக்சாந்தரின் காணிக்கை வரை அதில் இடம்பெற்றன.

புராணத் தலைவர்கள் அளித்ததாகச் சொல்லும் பொருள்கள் உண்மையில் இருந்தனவா என்பது வேறு வினா. ஒரு கோயிலார் கையில் இருப்பவற்றைக் கணக்கெடுப்பது வழக்கம். கையை விட்டுப் போனவற்றைக் கணக்கெடுத்த லிண்டோஸ் மக்களின் செயல் அரிது. அக்கல்லும் இடம் பெயர்ந்தது. பின்னாளில் ஒரு மாதாகோயிலின் தரையில் பாவு கல்லாகக் கிடந்ததை டென்மார்க் அகழ்வாய்வாளர் 1904இல் கண்டெடுத்தனர். இன்று அது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. லிண்டோசில் ஏறிக் காண்போர்க்கு அது இல்லை.

கார் மீண்டும் நகருக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் பழைய நகர் அமைந்துள்ளது. யுனெஸ்கோ 1988இல் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. எருசலேமில் நோயாளர் விடுதி நடத்தி, பின்னர்ப் போர்வீரராக மாறிய புனித யோவானின் துறவியர் 1309 முதல் 1522 வரை இங்கிருந்து ஆண்டனர். அவர்கள் தம்மைப் பிறந்த நாட்டின்படி பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவையும் 'மொழி' என்றே அழைத்தனர். பிரான்சு மொழி, புரோவான்சு மொழி, இத்தாலி மொழி, ஆங்கில மொழி என்றவாறு பிரிவுகள் அமைந்தன. அவற்றுக்குரிய விடுதிகள் வீரர் வீதியில் எழுந்தன. கல் பாவிய அவ்வீதியில் நடப்போர்க்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் நடப்பதாகவே தோன்றும்.

அத்தோற்றத்தை ஆக்கியவர் இத்தாலியர். 1522இல் சுலைமான் சுல்தான் ஆறு திங்கள் முற்றுகையிட்டு நகரைக் கொண்டான். அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உதுமானியக் குடும்பங்கள் அவ்விடுதிகளில் வாழ்ந்தன. முகப்பில் மரத்தாலான மாடங்களைச் சேர்த்தன. 1912இல் தீவைக் கைப்பற்றிய இத்தாலியர், வீதியைச் சீரமைக்கையில் அம்மாடங்களை அகற்றினர். வீதியின் தலைப்பில் நிற்கும் பெருந்தலைவர் அரண்மனையின் கதையும் இதனை ஒத்ததே. 1856இல் அருகிலிருந்த தேவாலய நிலவறையில் கிடந்த வெடிமருந்து தீப்பற்றி வெடித்ததில் அரண்மனை இடிந்தது. இன்று காண்பதன் பெரும்பகுதி 1937 முதல் 1940 வரை பாசிச ஆட்சியினர் எழுப்பியது. இத்தாலிய மன்னரும் முசோலினியும் வந்து தங்குவதற்கென்று அதனை அணிசெய்தனர். தரையில் பதித்த வண்ணக்கல் ஓவியங்கள் அயலிலுள்ள கோஸ் தீவிலிருந்து பெயர்த்து வந்தவை. அவற்றுள் கலைமகளிர் ஒன்பதின்மரைக் காட்டும் தளமும் ஒன்று. கவிதைக்குத் தெய்வங்களாகக் கிரேக்கர் போற்றிய அம்மகளிர், தம் ஊரினின்று பெயர்க்கப்பட்டு, ஒரு சர்வாதிகாரியின் வரவுக்கு விரிப்பானார்கள்.

இதனைப் பொய் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. கல்லும் உண்மை, கைத்திறனும் உண்மை. ஆனால் இத்தாலியர் எதனை மீட்டனர், எதனை நீக்கினர் என்பதில் ஒரு நோக்கம் உண்டு. மேற்கத்திய வீரர்களின் வாரிசு தாமே என்று காட்ட விரும்பியவர்களுக்கு, இடையில் வாழ்ந்த நானூறு ஆண்டுகள் இடையூறாயின. லிண்டோஸ் மக்கள் இழந்ததை இழந்ததாகவே எழுதினர். அரண்மனையைக் கட்டியவர்கள் இழப்பே நேரவில்லை என்பதுபோல் கட்டினர். இரண்டும் பழமையைப் போற்றும் செயல்களே. எனினும் அவற்றுள் ஒன்றே நாணயமானது.

இவ்வேறுபாட்டின் பொருளை முழுதும் உணர, பழைய நகரின் கிழக்குப் பகுதிக்குச் செல்ல வேண்டும். வெண்கலக் கடற்குதிரைகள் அமைந்த நீரூற்று ஒன்று அங்கே ஒரு சதுக்கத்தில் உள்ளது. சுற்றிலும் உணவகங்களும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்துள்ளன. சதுக்கத்தின் பெயர் யூதத் தியாகியர் சதுக்கம். இப்பகுதி ஒருகாலத்தில் யூதர் வாழ்ந்த சேரி. 1492இல் ஸ்பெயின் நாட்டினின்று துரத்தப்பட்ட யூதர் உதுமானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்தனர். அவருள் ஒரு பகுதியினர் 1522க்குப் பின் ரோட்சில் குடியேறினர். வருகையில் தம் பழைய ஸ்பானிய மொழியையும் உடன் கொண்டுவந்தனர். அம்மொழியில் பேசினர், வணிகம் செய்தனர். ஸ்பெயினின் பழங்கதைப் பாடல்களை அப்பெண்டிர் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகப் பாடி வந்தனர். நாடு தள்ளிய மக்கள் அந்நாட்டு மொழியை நானூறு ஆண்டுகளுக்கு மேல் இத்தீவில் பேணினர்.

1938இல் இத்தாலிய அரசு யூதர்க்கெதிரான சட்டங்களை இயற்றியது. பலர் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தனர். 1943 செப்டம்பரில் செருமானியர் தீவைக் கைக்கொண்டனர். 1944 சூலை 23இல், எஞ்சியிருந்த ஏறத்தாழ 1,700 பேரைத் துறைமுகத்திற்கு நடத்திச் சென்று படகுகளில் ஏற்றினர். துருக்கி நாட்டுத் தூதர் செலாகத்தின் உல்குமென் செருமானியரோடு வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டோரை மீட்டார். மற்றையோர் ஏதென்சு வழியாகத் தொடர்வண்டியில் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்ட் 16இல் ஆஷ்விட்சை அடைந்தனர். உயிர் பிழைத்த ரோட்ஸ் மக்கள் 151 பேர். ஒரு தெருவின் பேச்சு ஒரு பகலில் நின்றது. அதற்கு முன்னரே கடல் கடந்தோரின் நாவில் மட்டும் அப்பாடல்கள் எஞ்சின. அவற்றுள் சிலவற்றைப் பின்னர் ஆய்வாளர் அமெரிக்காவில் முதியோரைத் தேடிக் கேட்டு எழுதினர்.

சதுக்கத்தில் ஒரு கருங்கல் தூண் உள்ளது. 2002இல் திறந்துவைத்த அதன் ஆறு பக்கங்களிலும் ஆறு மொழிகளில் ஒரே செய்தி பொறித்துள்ளது. மாண்ட ரோட்ஸ், கோஸ் தீவு யூதர் 1,604 பேரின் நினைவுக்கு என்பது அது. அருகில் 1577இல் எழுந்த கஹால் சாலோம் தொழுகைக் கூடம் உள்ளது. கிரேக்க நாட்டில் இன்றும் பயன்பாட்டிலுள்ள யூதத் தொழுகைக் கூடங்களுள் இதுவே பழைமையானது. அங்கே மாண்ட குடும்பங்களின் பெயர்களைப் பொறித்த பலகைகள் உள்ளன. அலங்காரம் இல்லை, பெயர்கள் மட்டுமே உள்ளன. கி.மு. 99இல் லிண்டோசில் எழுதியதற்கும் இதற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன. ஆயினும் இரண்டிலும் நிகழ்ந்த வேலை ஒன்றே.

விரைந்து செல்லும் பயணத்தில் அரண்மனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவர். சதுக்கத்தில் குளிர்பானம் அருந்தப் பத்து நிமிடம் நிற்பர். இது வழிகாட்டியின் குற்றம் அன்று. கட்டடத்தைக் காட்டலாம், இல்லாமையைக் காட்ட இயலாது. அதனைச் சொல்லத்தான் இயலும். சொல்லும் தொழில் உடையவர் புலவர். பத்தாண்டு நிறைவுக்கு மலர் வெளியிடும் ஓர் இலக்கிய வட்டத்தினர்க்கு இது புதிதன்று. நம்மோடிருந்து பாடி மறைந்தோரின் பெயர்களை வரிசைப்படுத்தி அச்சிடுகையில், நாமும் லிண்டோஸ் மக்களின் வேலையையே செய்கிறோம். அவர்களைப் போல் சான்றோடும், இழந்ததை மறைக்காமலும் செய்தல் வேண்டும்.

ரோட்ஸ் தீவுக்குச் செல்லும் வாய்ப்பு உறுப்பினர் எவர்க்கேனும் அமையுமாயின், நேரக்கணக்கைச் சற்றே மாற்றிக்கொள்வாராக. அரண்மனையில் அரை மணியைக் குறைத்து, அக்கூடத்துப் பலகைகளின்முன் நின்று, பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பாராக. கப்பல் புறப்படுமுன் அதற்கு நேரம் போதும்.