மகளிர் பொறையும் மனையமைதியும்: திருத்தொண்டர் புராணங் கொண்டு ஓர் ஆராய்ச்சி

பொறை என்பது, ஒறுத்தற்குத் தனக்கு இயலுமிடத்தும், பிறர் செய்த பிழையை உளமறிந்து விட்டொழிதலாம். உரைத்தற்கு வழியின்றி வாயடைக்கப்பட்டுக் கிடத்தல் பொறை எனப் பெயர் பெறாது. முன்னையது அறம், பின்னையது துன்பம். இவ்வேறுபாடு கற்றார் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயினும் மகளிர் திறத்தில் மட்டும் நம்மனோர் இதனை நெடுங்காலமாக மறந்தொழுகுகின்றனர். மனையின்கண் ஒரு பூசல் நேர்ந்தவழிப் பெரியோர் நால்வர் கூடுவர். பிழை செய்தவன் கணவனாயினும், மைத்துனனாயினும், மாமனாயினும், அறிவுரை மட்டும் அம்மனைக்கு வந்த பெண்ணை நோக்கியே செல்லும். "நீ பொறுத்துக்கொள், அம்மா, குடும்பத்தின் பெயர் கெடலாகாது" என்பர். அவள் வாய் மூடியவழிப் பூசல் தீர்ந்ததெனக் கருதித் தாம்பூலம் பெற்று எழுந்து செல்வர். பிழையோ அம்மனையிலேயே தங்கிவிடும்.

இவ்வாறு கூறுவோருட் சைவர் பலர், தம் கூற்றுக்குத் திருத்தொண்டர் புராணத்து நாயன்மார் தேவியரைச் சான்றாகக் காட்டுவர். புராணப் பிரசங்க மேடைகளிலும் இவ்வுரை கேட்கப்படுகின்றது. அப்புராணம் உண்மையில் யாது கூறுகின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்புராணத்தை அருளிய சேக்கிழார் பெருமான் தொண்டைநாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிற் றோன்றியவர். அநபாயன் எனப் பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழனிடம் (ஆட்சி 1133–1150) அமைச்சராய் இருந்தவர். குன்றத்தூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலையூர். அதற்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் உள்ளது பிள்ளைப்பாக்கம். ஏரிப்பாசனமும் நெல்வயலுமாய் இருந்த அவ்வூரில் இப்பொழுது சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்னும் இவ்வூர்களைச் சூழ்ந்த ஆலைகளிற் பல மாவட்டங்களினின்றும் வந்த இளமகளிர் பல்லாயிரவர் தொழில் செய்கின்றனர். சேக்கிழார் பிறந்த நிலத்திலேயே இன்று இத்துணை மகளிர் தம் உழைப்பால் வாழ்கின்றனராதலின், அவர்க்கு அப்பெருமான் நூல் கூறும் நெறி யாது என்று வினவுதல் பொருத்தமேயாம்.

திருநீலகண்டர் தேவியார்

தில்லையில் வேட்கோவர் குலத்திற் றோன்றி, அடியார்க்குத் திருவோடு அளித்துத் தொண்டு புரிந்த திருநீலகண்ட நாயனார், இளமை மீதூரப் பரத்தை ஒருத்திபாற் சென்று மீண்டனர். அஃதறிந்த தேவியார் மனைக்குரிய கடன்களில் ஒன்றும் குறைவு செய்திலர். உடனுறைதற்கு மட்டும் இசைந்திலர். நாயனார் அணுகி வேண்டியபோது, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென விலக்கினர். அவ்வாணையிற் பன்மைச்சொல் வந்தமையின், மாதர் யாவரையும் அது குறித்ததெனக் கொண்டு, பிற மகளிரை மனத்தாலுந் தீண்டேன் என நாயனார் உறுதி பூண்டனர். இருவரும் அயலறியாவாறு ஒரு மனையிலேயே முதுமை எய்துங்காறும் அவ்வாணை வழுவாது வாழ்ந்தனர்.

ஈண்டு நோக்கற்பாலன மூன்று. ஒன்று, கணவர் பிழைத்தவழித் தேவியார் அமைதியின் பொருட்டுத் தம் மானத்தை விட்டுக்கொடுத்திலர். அதனைச் சேக்கிழார் யாண்டும் குறையாகக் கூறிற்றிலர். இரண்டு, நாயனார் தம் மனைவியை இசைவிக்குமாறு ஊர்ப் பெரியோரை அழைத்திலர். ஆணைக்குத் தாமே கட்டுப்பட்டனர். மூன்று, சிவயோகியாராய் வந்த இறைவர், ஓட்டினைக் கவர்ந்திலேன் என மனைவி கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுரைக்க வேண்டியபோது, இருவரும் மூங்கிற் றண்டின் இரு தலையைப் பற்றி இறங்கினர். கை பற்றாமைக்குக் காரணம் வினவப்பட்டவழி, நிகழ்ந்ததனை அங்குள்ளார் யாவரும் கேட்ப உரைத்தவர் நாயனாரே. அதன் பின்னரே இருவரும் மூழ்கி இளமை பெற்று எழுந்தனர். மறைத்து வாழ்ந்த காலத்து முதுமையும், பிழை செய்தவர் வாயானே அது வெளிப்பட்ட காலத்து இளமையும் எய்தியமை கருதத்தக்கது.

பரவையாரும் சங்கிலியாரும்

ஆரூரர் வரலாறு இதனினும் தெளிவாயது. திருவொற்றியூரில் இறைவர் சங்கிலியார்க்குக் கனவில் தோன்றி ஆரூரரை மணக்குமாறு பணித்தபோது, அவர் திருவாரூரில் மகிழ்ந்து உறைபவராயிற்றே என்னுந் தம் ஐயத்தை அப்பெருமாட்டி இறைவரிடமே விண்ணப்பித்தனர். இறைவர் அதனைப் பொருந்தாச் சொல்லெனக் கடிந்திலர். பிரியேன் என்று சூளுறவு பெறுமாறு செய்தருளினர். ஆரூரர் அச்சூளைச் சந்நிதியிலன்றி மகிழின்கீழ்ச் செய்து தப்ப எண்ணியவழி, மகிழின்கீழே அதனைப் பெறுக என மீளவும் சங்கிலியார்க்கே அறிவித்தனர். சூள் பிழைத்து ஒற்றியூர் எல்லை கடந்தபோது, தம்பிரான் தோழராகிய அவர்க்கே கண்ணொளி மறைந்தது. இடக்கண் காஞ்சித் திருவேகம்பத்தும், வலக்கண் திருவாரூரிலும் மீண்டன. ஒரு பெண்ணுக்கு உரைத்த உரை பிறழ்ந்தவிடத்துத் தோழரென்றும் பாராது ஒறுத்தருளினமை இதனால் விளங்கும்.

திருவாரூர் மீண்ட நம்பிகளுக்குப் பரவையார் வாயில் அடைத்தனர். அப்பொழுது நிகழ்ந்ததனைச் சேக்கிழார் கூறும் முறையை ஊன்றி நோக்குக. உலகியல் கற்ற மாந்தர் சிலர் நம்பிகளால் ஏவப்பட்டுப் பரவையாரிடஞ் சென்று தகவுரைகள் பலவுங் கூறினர். இன்று மனைகளிற் கூடும் மத்தியஸ்தர் அன்றும் இருந்தனர் போலும். பரவையார் அவருரையை ஏற்றிலர். அவர் வறிதே மீண்டனர். பின்னர் நள்ளிரவில் ஆரூர்த் தெருவிற் றிருவடி தோய நடந்து சென்றவர் இறைவர். முதன்முறை அருச்சகர் வடிவிற் சென்றபோது பரவையார் மறுத்தனர். மறுத்தமைபற்றி அவர்க்கு ஒரு தீங்கும் நேர்ந்திலது. இறைவரே மீண்டும் நடந்தனர். இரண்டாமுறை தம் உண்மை வடிவிற் சென்றபோதே பரவையார் இசைந்தனர். அமைதி நாடி நடந்தவர் பிழையுற்றார் பக்கத்து நின்றவரே. வருந்தியிருந்த பெண்ணை எவரும் தெருவில் நடப்பித்திலர். அமைதி வேண்டுவோர் கற்க வேண்டிய முறை இஃதேயாம்.

தடைவிடை

அற்றேல், இயற்பகையார் தேவியார் கணவர் சொல்லுக்கு இசைந்து சிவவேதியர் பின் சென்றமையும், சிறுத்தொண்டர் தேவியார் மகவை அளித்தமையும் என்னை எனின், கூறுதும். அவ்விரண்டிடத்தும் மறைத்தற்குரிய பிழை ஒன்றும் இல்லை. செய்த செயல் சிவனடியார் பொருட்டாயது. கணவன் குற்றத்தை மூடுதற்பொருட்டாயது அன்று. இழப்பும் மனைவிக்கு மட்டும் உரியதன்று. சிறுத்தொண்டர் இல்லத்துத் தந்தையே வாளேந்தினர், தாய் பிடித்தனர். இருவரும் ஒருமனப்பட்டு இழந்ததனை, ஒருத்தி மட்டும் இழக்குமாறு ஏவுதற்கு மேற்கோளாகக் காட்டல் நேர்மையாகாது. அன்றியும், அவை வன்றொண்டாகிய அருஞ்செயல்கள். அவற்றை அன்றாட இல்வாழ்க்கைக்கு விதியாகக் கொள்ளின், ஆடவரும் அவ்வாறே கண்ணை இடந்து அப்பவும் மகவை அரியவும் முற்படல் வேண்டும். அதனை எவரும் கூறார். பெண்டிர்க்கு மட்டுமே கூறுவர்.

காரைக்காலம்மையார் வரலாறும் இதற்கு மாறன்று. கணவன் தம்மை விட்டகன்று பாண்டிநாட்டில் வேறு மணஞ் செய்து வாழ்வதறிந்த சுற்றத்தார், அம்மையாரைச் சிவிகையேற்றி அவன்பாற் கொண்டு சென்றனர். சுற்றத்தார் கருதியது கணவனோடு சேர்த்துவிடுதல் ஒன்றே. அவன் தன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் அடியில் வீழ்ந்தபோது, அவனுக்கெனத் தாங்கிய ஊனை உதறி இறைவர்பாற் பேயுருப் பெற்று அம்மையார் தம் வழி சென்றனர். அவரையே இறைவர் அம்மை என விளித்தருளினர். திருக்கோயில்களில் நாயன்மார் வரிசையில் ஏனையோர் நிற்ப, அவர் மட்டும் வீற்றிருப்பதை அன்பர் யாவரும் அறிவர்.

சித்தாந்த முடிபு

இனி, இதன் உண்மையைச் சித்தாந்த நெறியான் நோக்குவாம். ஆண் பெண் என்னும் பாகுபாடு உடம்பு பற்றியது, உயிர்க்கு அஃதில்லை. இச்சை ஞானக் கிரியைகள் எல்லா உயிர்க்கும் உள. அவற்றை மறைத்து நிற்பது ஆணவம். பொறை ஓர் உயிர் தன் அறிவானும் இச்சையானும் மேற்கொள்ளும் வினை. பிறரால் திணிக்கப்பட்டபோது அவ்வுயிரின் அறிவும் இச்சையும் அடக்கப்படுகின்றன. ஆதலின் அதனைப் பொறையென்றல் ஆகாது. பிழை செய்தான் திறத்தோ கேடு இன்னும் பெரிது. தன் பிழையைப் பிறளொருத்தி சுமக்கக் கண்டவன், யான் எனது என்னுஞ் செருக்கில் மேலும் அழுந்துவன். இறைவன் செய்யும் ஒறுத்தலும் அருளேயென்பதனை, சொல்வழி வாராத மக்களைத் தந்தை தாயர் ஒறுத்தலை உவமையாக்கி அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் விளக்குவர். இதனை மறக்கருணை என்ப. ஆகவே பிழைத்தவனைத் திருத்தாது பிழைக்கப்பட்டவளை அடக்கும் அமைதி, இருவர்க்கும் அருளன்று என்பது போதரும்.

அண்மைக்கால வரலாறு

நூலிற் கண்ட இந்நெறி உலகியலில் மறக்கப்பட்டமைக்குப் பம்பாயில் நிகழ்ந்த ருக்மாபாய் வழக்குச் சான்றாகும். பதினோராம் வயதில் மணஞ்செய்விக்கப்பட்ட அவ்வம்மையார் கணவன் மனை புகாது தாய்மனையிலே வளர்ந்து கல்வி பயின்றனர். தம்மோடு வாழுமாறு கட்டளையிட வேண்டிக் கணவர் 1884-இல் வழக்குத் தொடுத்தனர். 1885-இல் நீதிபதி பின்ஹே அதனைத் தள்ளினர். மேன்முறையீட்டின்பின், 1887-இல், கணவன் மனை புகுக, இன்றேல் ஆறு திங்கள் சிறை ஏற்க என்று தீர்ப்பாயிற்று. சிறையே ஏற்பேன் என்றனர் அம்மையார். இல்லற அமைதியும் சாத்திர மரபும் கெடுமெனப் பலர் முழங்கினர். நாட்டுத் தலைவராகிய திலகரும் அவர்க்கு மாறாக எழுதினர். 1888-இல் கணவர் 2,000 ரூபாய் பெற்று வழக்கைக் கைவிட்டனர். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, சூரத்தில் நெடுங்காலம் மகளிர்க்கு மருத்துவம் புரிந்து, 1955-இல் மறைந்தனர். அவர் அன்று வாய் மூடியிருப்பின் அவ்வூர் மகளிர்க்கு அம்மருத்துவர் கிடைத்திரார்.

சட்டமும் மெல்ல இவ்வழி வந்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கும் இடந்தந்த சட்டம் இயற்றப்பட்டது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடித்தலை மட்டுமன்றிச் சொல்லால் வதைத்தலையும் பொருள் பறித்தலையும் கொடுமையெனக் கொண்டு, முறையிடும் பெண் அம்மனையிலேயே உறையும் உரிமையையும் வழங்கிற்று. பேசினால் வீடிழப்பாய் என்னும் அச்சுறுத்தலுக்கு அஃது ஒரு மறுமொழியாம்.

வீட்டிற் பழக்கிய வாய்மூடலை வெளியுலகமும் விலைக்குக் கொள்ளும் என்பதற்குப் பிள்ளைப்பாக்கத்தைச் சூழ்ந்த இந்நிலத்திலேயே ஒரு சான்று உளது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாக்ஸ்கான் ஆலையிற் றொழில் செய்த மகளிர் தங்கிய பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில், 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அதன்பின் மகளிர் பெருந்திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து முறையிட்டனர். நெருக்கமான அறைகளையும் நீரில்லாக் கழிப்பிடங்களையும் அவர்கள் அதுகாறும் பொறுத்திருந்தமை அப்பொழுதே வெளிப்பட்டது. சிற்றூர்ப் பெண்கள் எதிர்த்துக் கேளார் என்று கருதியே அவர்கள் வேலைக்குத் தெரிந்தெடுக்கப்படுவதாகச் செய்தித்தாள்கள் அந்நாளில் எழுதின. ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உண்ணுமிடங்களும் சில தம் விதிக்கு ஏற்றனவாக இல்லையென ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-இல் ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர், 2024 ஆகஸ்டில், பிள்ளைப்பாக்கத்தை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 மகளிர் தங்குதற்குரிய விடுதியைத் தமிழ்நாட்டு அரசு 706.50 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்துத் திறந்தது.

இம்மகளிர் பொறுத்திருந்த நாளெல்லாம் அங்கு அமைதி நிலவிற்று என்று கூறலாமோ? நிலவியது ஓசையின்மை மட்டுமே. அதனை அமைதியென நம்பியவர்க்கு 159 பேர் நோயுற்ற பின்னரே உண்மை புலனாயிற்று. மனையிலும் இஃதொக்கும். பல ஆண்டு வாய் மூடியிருந்த ஒருத்தியின் துன்பம், அவள் நோயுற்றபோதோ இறந்தபோதோ அன்றிப் பிறர்க்குத் தெரிவதில்லை.

விட்டுக்கொடுத்தலே ஆகாதென்பது எம் கருத்தன்று. உப்புக் குறைந்தமைக்கும் ஒரு சொல் மிகுந்தமைக்கும் இருபாலாரும் விட்டுக்கொடுத்தலாலேயே இல்லறம் நடக்கும். அடித்தலும், பொருள் கவர்தலும், உரை பிறழ்தலும் அவ்வகைய அல்ல. அவற்றின்கண் முதலில் நடக்க வேண்டியவன் பிழைத்தவன்.

ஆதலின், சைவ சபைகளிற் புராணம் விரித்துரைக்கும் அன்பர்கள் இனித் திருநீலகண்டர் தேவியாரின் ஆணையையும், பரவையார் அடைத்த வாயிலையும், சங்கிலியார் பெற்ற சூளையும் உள்ளவாறே எடுத்துரைப்பாராக. மனைப்பூசல் தீர்க்கக் கூடும் பெரியோர், பெண்ணுக்கு அறிவுரை தொடங்குமுன், பிழைத்தவன் யாவன், அவன் யாது செய்யக் கடவன் என்று வினவுவாராக. இவ்வளவு செய்தல் எவர்க்கும் அரிதன்று. ஆரூர்த் தெருவில் ஒரு பெண்ணின் வாயிலுக்கு இருமுறை நடந்த பெருமானை வழிபடுவோர், அத்தெருவிற் சில அடியேனும் நடத்தல் கடன்.

திருச்சிற்றம்பலம்.