மின்னும் பொட்டலம் வந்த கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாசிர் ரிஸ் கடற்கரையில் தொண்டூழியர்கள் குப்பை பொறுக்கும் நாள்களில் நானும் போவதுண்டு. நொறுக்குத்தீனிப் பைகளும் காப்பித்தூள் பொட்டலங்களும் கட்டாயம் கிடைக்கும். உப்புநீரில் ஊறியும் அவற்றின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். இந்தப் பொட்டலம் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது?

முறுக்கைக் காகிதத்தில் மடித்து வைத்தால் என்ன ஆகும்? ஈரம் புகுந்து நமத்துப்போகும். காற்று பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இந்த இரண்டையும் தடுக்கும் முயற்சிதான் இதன் வரலாறு.

சுவிட்சர்லாந்துக்காரரான ழாக் பிராண்டன்பெர்கர் 1908ல் செலோஃபேன் தாளை உருவாக்கினார். அது கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் ஈரத்தை உள்ளே விட்டது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வில்லியம் சார்ச் என்பவர் 1927ல் அதன்மேல் மிக மெல்லிய பூச்சு பூசி ஈரத்தைத் தடுத்தார். 1928க்கும் 1930க்கும் இடையே அதன் விற்பனை மூன்று மடங்கானது. சந்தையைத் திறந்துவிட்டது அந்தப் பூச்சுதான்.

அடுத்து ஜப்பான். 1968ல் ஒட்சுக்கா நிறுவனம் 'பான் கறி' என்ற பெயரில், சமைத்த குழம்பைப் பையில் அடைத்து விற்றது. முதலில் வந்த பை இரண்டு மூன்று மாதமே தாங்கியது. மறு ஆண்டே அலுமினியத் தகடு ஓர் அடுக்காகச் சேர்ந்தது. குழம்பு இரண்டு ஆண்டு கெடாமல் இருந்தது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். முழுப் போத்தல் வாங்க முடியாத கிராமத்து ஏழையும் சில்லறைக் காசுக்கு ஷாம்பு வாங்கினார். அதை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் கெடாமல் காத்த அடுக்குகளே பிறகு சிக்கலாயின. வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியம், உள்ளே பாலிஎத்திலீன் என்று ஒட்டியதைப் பிரித்து மறுபயனீடு செய்வது கடினம். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொட்டலப் பொருள்கள். எரித்த சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999ல் திறக்கப்பட்ட அந்த நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது அந்த ஒரே குப்பை நிலம்தான்.

அதனால் தொழில்துறை மீண்டும் பூச்சுக்கே திரும்பியிருக்கிறது. ஒரே வகைப் பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினிய ஆக்சைடையோ சிலிக்கன் ஆக்சைடையோ, தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் படியவைக்கிறார்கள். காற்றும் ஈரமும் புகுவது பெரிதும் குறைகிறது. தாளையும் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். இந்த வகைத் தாள்களுக்குச் சந்தை பெருகுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் நண்பர்களே, குழம்பு ஒட்டிய பையை அப்படியே நீலத் தொட்டியில் போட்டால் எந்தப் பூச்சும் பயன்தராது. எத்தனை நாள் கெடாது என்றே நூறாண்டாகக் கேட்டு வந்தோம். காலியான பை எங்கே போகும் என்றும் இனி கேட்க வேண்டும். செமாக்காவ் நிரம்பும்வரை காத்திருக்க முடியாது.