கிரேக்க முதற்பதிப்புச் சேகரிப்பும் பாட வரலாறும்: ஈஸ்கிலஸ் நாடகப் பதிப்புகளை முன்வைத்து

முன்னுரை

பண்டைக் கிரேக்க நூல்களின் பழம்பதிப்புகளைத் திரட்டுவோர் முதற்பதிப்புக்கும் கறைபடாத படிக்கும் தலையிடம் அளித்து வந்துள்ளனர். பாட வரலாற்று நோக்கில் இவ்விரு அளவுகோல்களும் போதாமையை, ஈஸ்கிலஸ் நாடகப் பதிப்புகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

முதற்பதிப்பும் முழுமையும்

ஈஸ்கிலஸ் நாடகங்களின் முதற்பதிப்பு 1518இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் நிறுவிய அச்சகத்திலிருந்து, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. இந்நாடகங்களின் தலைமைச் சுவடி ஃபுளாரன்சு நகரின் லாரன்சிய நூலகத்தில் உள்ளது. அதில் ‘அகமெம்னான்’ நாடகத்தின் பெரும்பகுதியும் ‘கோயெஃபோரி’ நாடகத்தின் தொடக்கமும் அடங்கிய ஏடுகள் மறைந்துவிட்டன. இச்சிதைவின் விளைவாக, முதற்பதிப்பு இரு நாடகங்களையும் ஒரே நாடகமாக அச்சிட்டது. 1552இல் ரோபோர்தெல்லோ இவற்றைப் பிரித்தறிந்தார். முழுமையான ‘அகமெம்னான்’ முதன்முதலாக அச்சேறியது, வெட்டோரி பதிப்பித்து ஆன்றி எஸ்தியென் 1557இல் வெளியிட்ட நூலிலேயே. எனவே, காலத்தால் முந்தியது என்பதனாலேயே ஒரு பதிப்பு பாடத்தால் சிறந்ததாகிவிடாது. எனினும், சிதைந்த சுவடி மரபு அச்சில் எவ்வாறு தொடர்ந்தது என்பதற்குச் சான்று என்ற வகையில் 1518ஆம் ஆண்டுப் பதிப்பும் இன்றியமையாதது.

தூய படியும் எழுதப்பட்ட படியும்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர் பலர் பழைய கட்டடத்தைக் களைந்து புதிய தோற்கட்டடம் இடுவித்தனர். அப்போது தாள்கள் கழுவப்படுவதும் ஓரங்கள் நறுக்கப்படுவதும் உண்டு. அவற்றோடு முன்னைய வாசகர்களின் ஓரக்குறிப்புகளும் அழிந்தன. இக்காலத்துப் பெருஞ்சேகரிப்பாளருள் ஒருவர் இரண்டாம் ஸ்பென்சர் பிரபு. 1795ஆம் ஆண்டுக் கிளாஸ்கோ ஈஸ்கிலஸ் பதிப்பின் அவரது படிக்கு ரோஜர் பெய்ன் இட்ட கட்டடம், அக்கலைஞரின் தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படுகிறது. ஸ்பென்சர் குடும்பத்தின் நூல்திரட்டை 1892இல் என்ரிகெட்டா ரைலண்ட்ஸ் விலைக்கு வாங்கி, மான்செஸ்டரில் தாம் நிறுவிய நூலகத்தில் சேர்த்தார். தனியார் சேகரிப்பு பொது ஆய்வுக்குத் திறக்கப்பட்டதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

அழகிய படி அச்சுக்கலைக்கும் கட்டடக்கலைக்கும் சான்று; எழுதப்பட்ட படியோ வாசிப்புக்கும் பாடத்திருத்தத்துக்கும் சான்று. தாமஸ் ஸ்டான்லி 1663இல் வெளியிட்ட ஈஸ்கிலஸ் பதிப்பின் திருத்தங்கள் நெடுங்காலம் அவருடையனவாகவே கருதப்பட்டன. அவற்றுள் பல ஜான் பியர்சனுக்கு உரியவை என்பதை, பியர்சனின் கையெழுத்துக் குறிப்புகளின் துணைகொண்டு எடுவார்டு ஃப்ரெங்கெல் தமது 1950ஆம் ஆண்டு ‘அகமெம்னான்’ பதிப்பில் காட்டினார். அக்குறிப்புகள் அழிந்திருப்பின், திருத்தங்களுக்கு உரியவர் யார் என்பது அறியப்படாமலே போயிருக்கும். ஐசக் கசாபன் குறிப்பெழுதிய நூல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் பேணப்படுவதன் பயனும் இதனால் விளங்கும்.

முடிவுரை

ஒரு பதிப்பின் படிகள் அனைத்தும் ஒன்றே எனக் கருதி, கறைபட்ட படியை ‘மிகைப்படி’ என நீக்குவது பாட வரலாற்றுச் சான்றை இழப்பதாகும். பதிப்பு முந்தியதா என்பதோடு, அது எச்சுவடியைச் சார்ந்தது, அப்படி யார் கையில் இருந்தது என்பனவும் சேகரிப்பின் அளவுகோல்களாதல் வேண்டும்.